மூன்றாவது படுக்கையறையின் விலை ஏன் இறங்குவதில்லை?

வந்த கேள்வி சுருக்கமாக இது. கேட்டவரின் வட்டாரத்தில் ஐந்தாறு ஆண்டுகளாகப் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஒரு படுக்கையறை ஃபிளாட்டுகள் வாங்க ஆளில்லாமல் கிடக்கின்றன. மூன்று படுக்கையறை வீடு விற்பனைக்கு வந்தால் அதே வாரத்தில் போய்விடுகிறது, விலையும் இறங்குவதாக இல்லை. இத்தனை வீடு கட்டியும் ஏன் இப்படி? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பதா, இருக்கிற பணத்துக்கு இரண்டு படுக்கையறை வீட்டை வாங்கி அறை கூட்டிக்கொள்வதா?

வீடுகளுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். அளவு நாடாவும் குறிப்பேடுமாக வீடு வீடாக ஏறி இறங்கியதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. ஓர் ஊரில் இருப்பது ஒரே வீட்டுச் சந்தை என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு படுக்கையறைக்கு ஒரு சந்தை, மூன்றுக்கு ஒரு சந்தை, ஐந்துக்கு ஒரு சந்தை என்று பல சந்தைகள் ஒரே தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் சரக்கு தேங்கிக் கிடக்கும்போதே அடுத்ததில் பஞ்சம் தலைவிரித்தாடும். இரண்டு பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவரையும் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, எதிர்க் கட்டடத்தில் இருபது ஒற்றை அறை ஃபிளாட்டுகள் பூட்டிக் கிடப்பதால் ஒரு பயனும் இல்லை. இரண்டு ஃபிளாட்டை வாங்கி நடுச்சுவரை இடித்துச் சேர்ப்பது எப்போதாவது நடக்கும். அதற்கும் கட்டடத்தின் தாங்குசுவர் எது, சங்கம் ஒப்புமா, தனித்தனிப் பத்திரத்தை என்ன செய்வது என்று ஆயிரம் கேள்வி வரும்.

விலையைத் தீர்மானிப்பது இந்த ஆண்டு எத்தனை வீடு கட்டினார்கள் என்பதைவிட, ஏற்கெனவே எத்தனை வீடு எந்த அளவில் நிற்கின்றன என்பதுதான். இங்கிலாந்தில் மொத்தம் ஏறக்குறைய இரண்டரைக் கோடி வீடுகள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் ஓராண்டில் கூடிய வீடுகள் இரண்டு லட்சத்தைச் சுற்றியே இருந்திருக்கின்றன. அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். மீதி தொண்ணூற்றொன்பதையும் வேறு யாரோ, வேறு ஏதோ காலத்தில், வேறு மாதிரிக் குடும்பங்களை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கணக்குக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 வீடு, அதில் ஒரு படுக்கையறை வீடு 1,000. ஆண்டுக்கு 100 வீடு புதிதாகக் கட்டுகிறார்கள். அந்த நூறையும் ஒன்றுவிடாமல் ஒரு படுக்கையறை வீடாகவே கட்டினாலும், அந்த வகையின் பங்கு பத்து சதவீதத்திலிருந்து இருபது சதவீதத்தைத் தொடப் பன்னிரண்டரை ஆண்டு பிடிக்கும். தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்துவிடும். குடும்பங்களின் உருவம் அதைவிட வேகமாக மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1911ல் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேருக்கு மேல் இருந்தார்கள். 2021ல் அது 2.4. வீடுகளில் பத்தில் மூன்று தனி ஆள் வீடுகள்.

அங்கே மூன்று படுக்கையறை வீடு இத்தனை பெருகியதற்கு ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918ல், தொழிலாளர் வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அரசு அமைத்த டியூடர் வால்டர்ஸ் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. நகரத்தில் ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கூடாது, குடும்ப வீட்டுக்கு மூன்று படுக்கையறை வேண்டும் என்ற நோக்கு அதில் இருந்தது. பெற்றோருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. நெரிசலில் காசநோயோடு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. மறு ஆண்டே, நகராட்சிகள் வீடு கட்ட அரசு பணம் கொடுத்து உதவும் அடிசன் சட்டம் வந்தது, அவை அந்த வடிவில் கட்டத் தொடங்கின. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2013 ஏப்ரலில், நகராட்சிகளும் வீட்டுச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் அரசின் வாடகை உதவியோடு குடியிருப்போரில் உழைக்கும் வயதினருக்கு ஒரு புதிய விதி வந்தது. ஓர் அறை கூடுதலாக இருந்தால் உதவிக்குக் கணக்கிடும் வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதமும் வெட்டு. மக்கள் அதைப் 'படுக்கையறை வரி' என்று அழைத்தார்கள். சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது அரசின் எண்ணம். மாறுவதற்குச் சின்ன வீடு எங்கே? பல நகராட்சிகளின் கையிருப்பில் பெரும்பகுதி அந்தப் பழைய மூன்று படுக்கையறை வீடுகள்தாம். ஒற்றை அறை வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடந்தது. இருக்கும் வீடுகளை எண்ணாமல் வகுத்த கொள்கையின் சுமை, மாறிப்போக வழியில்லாத ஏழைகளின் தலையில் இறங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எந்த அளவில் எத்தனை வீடு இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சரி, இப்போது புதிதாகக் கட்டுபவர்களாவது தேவைப்படும் அளவில் கட்டலாமே என்ற கேள்வி வரும். அவர்களின் கணக்கு வேறு. சின்ன ஃபிளாட்டின் மொத்த விலை குறைவு, ஆனால் சதுர அடிக்கு விழும் விலை அதிகம். அதே தளத்தை இரண்டு பெரிய வீடாகப் பிரிப்பதைவிட மூன்று சின்ன வீடாகப் பிரித்தால் வரவு கூடும். அடித்தளம் போடும் முன்பே விற்று அந்த முன்பணத்தைக் காட்டித்தான் பல இடங்களில் வங்கிக் கடன் வாங்குகிறார்கள். படத்தைப் பார்த்து முன்கூட்டியே வாங்குபவர் பெரும்பாலும் முதலீட்டாளர். அவருக்கு வேண்டியது குறைந்த முதலில் வாடகைக்கு விடக்கூடிய ஒரு பெட்டி. இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதி, மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் வீட்டுக்கு இன்றே பணம் கட்ட மாட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பள்ளி ஆண்டு தொடங்குமுன் வீடு வேண்டும். ஆகவே கட்டடம் எழும்போது குடும்பத்தின் குரல் பேச்சுவார்த்தையிலேயே இல்லை.

இதில் கட்டடக்கலை சார்ந்த ஒரு காரணமும் ஒளிந்திருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. வட அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் சில மாடிகளுக்கு மேல் போனால் இரண்டு படிக்கட்டு கட்டாயம். இரண்டையும் இணைக்க நடுவில் நீளமாக ஒரு நடைபாதை ஓடும், அதன் இரு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான். படுக்கையறை என்றால் ஜன்னல் வேண்டும். ஒரே பக்கச் சுவரில் கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு மூன்று என்று ஜன்னல் வைக்க வேண்டுமானால் வீடு நீளமாக வேண்டும், நடைபாதைப் பக்கம் இருட்டுப் பரப்பு வீணாகும். அதனால் மூன்று படுக்கையறை வீடு கட்டடத்தின் நான்கு மூலைகளில் மட்டுமே லாபகரமாக அமையும். ஒரு தளத்துக்கு நாலு மூலைதானே! ஊரில் குடும்ப வீடு அருகிப்போனதற்குத் தீயணைப்பு விதியும் ஒரு காரணம் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

சந்தை தானாகக் கட்டாததைச் சில நகரங்கள் விதி போட்டுக் கட்ட வைக்கின்றன. வான்கூவர் நகரம் 2016ல், நில வகைப்பாட்டை மாற்றிக் கேட்கும் கட்டடங்களில் விற்பனைக்கான வீடுகளில் குறைந்தது 35 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ படுக்கையறையுள்ள குடும்ப வீடாக இருக்க வேண்டும், மொத்தத்தில் 10 சதவீதமாவது மூன்று படுக்கையறையாக இருக்க வேண்டும் என்றது. ஹாங்காங்கில் புதிய வீடுகளில் சில சுருங்கிச் சுருங்கி ஒரு கார் நிறுத்துமிடத்தின் அளவுக்கே வந்துவிட்டன. 2022 முதல் அரசு விற்கும் நிலத்தில் கட்டும் வீடு குறைந்தது 26 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இப்படிப்பட்ட விதிகளுக்கு என் ஆதரவு உண்டு, ஒரு தயக்கத்தோடு. விகிதத்தை வரையும்போது உள்ளூர் இருப்பைப் பார்க்காமல் பக்கத்து நகரத்தைப் பார்த்து எழுதினால், ஏற்கெனவே பெரிய வீடு நிறைந்த ஊரில் இன்னும் பெரிய வீடு வந்து நிற்கும்.

ஏனென்றால் பெரிய வீட்டுப் பஞ்சத்துக்குச் சில ஊர்களில் மருந்து சின்ன வீடுதான். ஒருமுறை நான்கு படுக்கையறை வீடு ஒன்றுக்கு மதிப்பீடு போடச் சென்றேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா மட்டும் அங்கே இருந்தார். கீழே கூடத்திலேயே கட்டில். மாடி அறைகளின் சாவியைக் கொடுத்து என்னை மட்டும் ஏறிப் பார்க்கச் சொன்னார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஓர் அறையில் மெத்தைமேல் துணி போர்த்தியிருந்தது. இன்னொன்றில் பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள் கட்டுக் கட்டாக. மூன்றாவது அறையின் கதவு மழையில் ஊதித் திறக்கவே இல்லை. "ஏழு ஃபிளாட் பார்த்துவிட்டேன்" என்றார். எல்லாமே ஒரே படுக்கையறை. மகள் வந்தால் எங்கே படுப்பாள், பாதிக்கு மேல் மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி, சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. அதே தெருவில் தரையோடு ஒட்டிய நல்ல இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். அப்படி ஒன்று அந்த வட்டாரத்திலேயே இல்லை. அதனால் அவருடைய வீடும் விற்பனைக்கு வரவில்லை.

அந்த நான்கு படுக்கையறை வீடு வெளியே வந்திருந்தால், மூன்று படுக்கையறை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் அதை வாங்கியிருக்கும். அவர்கள் விட்ட வீட்டுக்கு உங்களைப்போல் ஒருவர் வந்திருப்பார். வீட்டுச் சந்தை இப்படிச் சங்கிலியாகத்தான் நகர்கிறது. ஒரு கண்ணி துருப்பிடித்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். உங்கள் வட்டாரத்தில் ஒற்றை அறை ஃபிளாட்டுகள் தேங்கி நிற்பதும் மூன்று அறை வீடு கிடைக்காததும் தனித்தனிச் செய்திகள் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவில் வசதியான இரண்டு அறைக் கண்ணி விடுபட்டிருக்க வேண்டும். வீடு கைமாறும்போது கட்டும் பத்திரச் செலவும் வரியும் அதிகமாக இருந்தால் அதே துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

எண்ணிக்கையைப் பற்றியே ஓர் எச்சரிக்கை. படுக்கையறை என்பது எல்லா இடத்திலும் ஒரே பொருளில்லை. சிங்கப்பூரில் அரசுக் குடியிருப்பு வாரியத்தின் 'நான்கு அறை' ஃபிளாட் என்றால் மூன்று படுக்கையறை, கூடத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். ஜெர்மனியிலும் கூடம் ஓர் அறைதான், அங்கே 'இரண்டு அறை வீடு' என்பது ஒரு படுக்கையறை வீடு. இங்கிலாந்து 2015ல் வெளியிட்ட தரத்தின்படி ஒருவர் படுக்கும் அறைக்கு 7.5 சதுர மீட்டர், இருவருக்கு 11.5 சதுர மீட்டர் வேண்டும். ஆனால் அதைப் புதிதாக உருவாகும் வீடுகளுக்கு, அதுவும் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகம் ஏற்றுக்கொண்ட இடங்களில்தான் கேட்க முடியும். பழைய வீட்டில் ஒரு மீட்டர் எண்பது அகலத்தில் ஒரு தடுப்பு இருந்தாலும் விளம்பரத்தில் அது மூன்றாவது படுக்கையறையாகவே வரும். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அப்படிப்பட்ட அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் சுவரில் கைப்பிடி இடித்த பள்ளம் இருக்கும்.

பரப்பளவை விட்டு அறை எண்ணிக்கைக்கு விலை கொடுக்கும் சந்தைகளில் இந்தத் தடுப்புச் சுவர் பெரிய லாபம் தரும். ஒரு சதுர அடிகூடக் கூடாமல், பெரிய அறையை இரண்டாக்கிய உடனே வீடு அடுத்த விலைப் படிக்கு ஏறிவிடும். அமெரிக்காவின் புறநகர்களில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் கழிவுநீர்த் தொட்டியின் அளவைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்தே பல மாநிலங்கள் கணக்கிடுகின்றன. தொட்டி மூன்று படுக்கையறைக்கு என்றால் நான்காவது அறையைப் படுக்கையறை என்று விற்க முடியாது. அதனால் அது 'படிப்பறை' என்றோ 'அலுவலக அறை' என்றோ விளம்பரத்தில் வரும். வீட்டில் இருப்பது ஒன்று, ஏட்டில் இருப்பது ஒன்று. வாங்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறை அறையாக வாடகைக்கு விடுவது நுழைந்துவிட்டால் கணக்கு மொத்தமாகப் புரண்டுவிடும். பல்கலைக்கழகம் உள்ள ஊர்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மூன்று படுக்கையறை வீட்டை ஒரு குடும்பம் வாங்க வரும்போது அவர்களுடைய சம்பளம்தான் அவர்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு எல்லை. முதலீட்டாளர் வந்தால் கூடத்தை ஓர் அறையாக்குவார், சாப்பாட்டு அறையை இன்னோர் அறையாக்குவார், ஐந்து மாணவர்களிடம் ஐந்து வாடகை வாங்குவார். ஐந்து வாடகையைத் தாங்கும் விலையை எந்தக் குடும்பத்தாலும் கொடுக்க முடியாது. இங்கிலாந்தில் 2010 ஏப்ரலில், உறவில்லாத மூன்று முதல் ஆறு பேர் பகிர்ந்து வாழும் வீட்டைத் தனிப் பயன்பாட்டு வகையாகவே பிரித்தார்கள். குடும்ப வீட்டை அப்படி மாற்ற அனுமதி கட்டாயம் என்று உள்ளூர் நிர்வாகம் அறிவிக்கலாம். உரிமம் தேவைப்படும் பகிர்வு வீடுகளில் பெரியவர் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதி 2018ல் வந்தது. மாணவருக்கு வீடு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அவர்களுக்கென்று விடுதி கட்டாமல் குடும்ப வீடுகளைத் தின்னவிட்டதுதான் தவறு.

விலைச் செய்தியைப் படிக்கும்போதும் கவனம் தேவை. சென்ற காலாண்டில் பத்து வீடு விற்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து சின்னவை தலா 40 லட்சம், ஐந்து பெரியவை தலா 80 லட்சம். சராசரி 60. இந்தக் காலாண்டிலும் பத்து வீடு, ஆனால் சின்னவை எட்டு, பெரியவை இரண்டு. இரண்டு வகையுமே ஐந்து சதவீதம் ஏறி 42, 84 என்று விற்றிருக்கின்றன. சராசரி 50.4. செய்தியில் 'வீட்டு விலை 16 சதவீதம் சரிவு' என்று வரும். எந்த வீடும் மலிவாகவில்லை, விற்ற கலவைதான் மாறியிருக்கிறது. புதுக் கட்டடம் ஒன்றில் ஒற்றை அறை ஃபிளாட்டுகள் மொத்தமாகப் பத்திரப் பதிவாகும் மாதங்களில் இது தவறாமல் நடக்கும். ஒரே வீடு மறுபடி விற்கும் விலையை ஒப்பிடும் குறியீடும், அறை, பரப்பு, வயது போன்றவற்றைப் பிரித்துக் கணக்கிடும் குறியீடும் இதற்காகவே உருவானவை. உள்ளூர் சராசரியை மட்டும் காட்டி யாராவது காத்திருங்கள் என்றோ உடனே வாங்குங்கள் என்றோ சொன்னால் நம்பாதீர்கள்.

நாட்டு மொத்தக் கணக்கும் உங்களுக்கு உதவாது. 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன, மொத்தத்தில் 13.8 சதவீதம். டோக்கியோவில் வீடு தேடும் இளம் தம்பதிக்கு, தொலைதூரக் கிராமத்துக் காலி வீட்டால் என்ன லாபம்?

இனி உங்கள் முடிவு. முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் வட்டாரத்துக்கான அறை எண்ணிக்கை அட்டவணையையும் குடும்ப அளவு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்கள் எத்தனை, மூன்றோ அதற்கு மேலோ படுக்கையறையுள்ள வீடுகள் எத்தனை என்ற இரண்டு எண் போதும். வீடு போதுமான அளவு இருந்தும் விற்பனைக்கு வரவில்லை என்றால், அவற்றில் பல வயதானவர்களின் கையில் இருக்கலாம். அந்த ஊரில் வசதியான இரண்டு படுக்கையறை வீடுகளோ முதியோர் குடியிருப்போ வரப்போகிறதா என்று கட்டட அனுமதிப் பதிவில் தேடுங்கள். வருகிறதென்றால் ஓரிரு ஆண்டு காத்திருப்பதில் பொருள் உண்டு. வீடுகளே குறைவு, வரப்போகும் அனுமதிகளும் ஒற்றை அறை ஃபிளாட்டுகள்தாம் என்றால் காத்திருந்து பயனில்லை. தரகரிடம் ஒவ்வோர் அளவு வீடும் எத்தனை நாளில் விற்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். நாள் கணக்குப் பெரும்பாலும் விலைக்கு முன்பே மாறத் தொடங்கிவிடும்.

காத்திருக்க வழியில்லாமல் இரண்டு படுக்கையறை வீட்டை வாங்கி அறை கூட்டுவது என்று முடிவெடுத்தால், மொத்தப் பரப்பளவைவிட ஜன்னலைப் பாருங்கள். மூலை வீடா, கூடத்துக்கு இரண்டு ஜன்னல் உண்டா, தடுப்பு எழுப்பினால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஜன்னல் மிஞ்சுமா என்று நின்று பாருங்கள். குறுக்களவு இரண்டேகால் மீட்டராவது இருக்கட்டும். தடுப்பு வரும் கோட்டில் உத்திரமோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள், கூடுதல் அறையைப் பதிவில் காட்ட முடியுமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நடுவே கிடைத்த ஒற்றை ஜன்னல் வீட்டைப் பிரித்தால் பிள்ளைகளில் ஒருவர் இருட்டில் படிக்க நேரும், விற்கும் நாளில் மதிப்பீட்டாளரும் அதை இரண்டு படுக்கையறை என்றுதான் எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதுவேன்.